இடப்பக்கக் கதவு

ரெமிஜியஸ் குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்த அந்தத் தவக்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. தவக்காலத்தில் எவனாவது புதுக் கார் வாங்குவானா? ஊரே வெள்ளிக்கிழமை கறி தின்னாமல் சிலுவைப்பாதை செய்துகொண்டிருக்கிறது. இவன் ரோஜா மாலை போட்ட வெள்ளைக் காரைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "சாமியாரக் கூப்புடுங்க கோயில்பிள்ள, மந்திரிக்கணும்" என்கிறான். சவேரியார்குடி கோயில்பிள்ளை நான்தான். மணி அடிப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது, தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு சாமியார் பின்னால் ஓடுவது எல்லாம் என் தலையில். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காதைக் கொடுக்காமலே அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

ஒரே கூரை, இரண்டு அடுப்பு, அதுதான் அவர்கள் வீடு. தெற்குப் பக்கம் அண்ணன் அடைக்கலசாமி, அவர் பெண்டாட்டி பாத்திமா மேரி, மகன் சகாயராஜ். வடக்குப் பக்கம் தம்பி பெண்டாட்டி எல்சியும் ஒன்பது வயது மகள் ஜாஸ்லினும். தம்பி ரெமிஜியஸ் பதினோரு வருஷமாகக் குவைத்தில் இருந்தான். 'கம்பெனி சூப்பர்வைசர்' என்று ஊருக்குச் சொல்லியிருந்தான். நானும் நம்பித்தான் இருந்தேன்.

ஜாஸ்லினுக்கு இழுப்பு. பனி, புகை, நெல் சுனை, எது பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கும். அதற்கு முந்தின ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலையில் பிள்ளைக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அடைக்கலசாமி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உரம் வாங்கப் போயிருந்தார். மழையில் ஊருக்கு வரும் பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. எல்சி பிள்ளையைத் தோளில் போட்டு, மேலே உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, மெயின் ரோட்டுக்கு மூன்று மைல் சேற்றில் நடந்தாள். மறுவாரம் புருஷன் போன் செய்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். எனக்கு வளையல் வேண்டாம், கார் வேண்டும் என்றாள். அவனும் சரி என்றான். அன்றைக்கே அவள் திருவாரூர் போய், கார் ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். போட்டு, அந்தக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். இது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியும்.

கார் வந்த மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"நீங்களே சொல்லிக் குடுங்க. காலைல ஆத்தங்கரை மேல ஆளே இருக்காது."

"எனக்கு எங்க ஓட்டத் தெரியும்? ஆபீஸ்ல உக்காந்திருக்கறவனுக்குக் காரு எதுக்கு ஓட்டத் தெரியணும்?"

"தெரியாது?"

"தெரியாது."

பிறகு எல்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நாலு வருசமா எனக்குத் தெரியுங்க. நாச்சியார்கோயில் கமருன்னிஸா அக்கா சொல்லிச்சு. அவுங்க வூட்டுக்காரரு ஜெய்னுலாபுதீன் அண்ணன் நீங்க இருக்கற தெருவுலதான் மளிகைக் கடை வச்சிருக்காராம். 'ஒன் மாப்ள அரபி வூட்டுப் பெரிய வண்டிய ஒரே வெட்டுல கொண்டாந்து நிறுத்துவாரு, அந்தத் தெருவுல அப்படி ஓட்ட ஆளில்ல'ன்னு பெருமையாத்தான் சொல்லிச்சு. நான் யாருட்டயாவது மூச்சு விட்டனா?"

"சத்தம் போடாதடி. கோயில்பிள்ள காது சுவத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும்."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, இல்லை என்று சொல்லி நான் என்ன மோட்சத்துக்கா போகப்போகிறேன்!

"எங்கப்பன் நன்னிலத்து மிராசுதாருக்கு வண்டியோட்டி" என்றான் ரெமிஜியஸ். "கதவத் தொறந்து வுட்டுட்டு கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் என்னைய வண்டிக்கார வூட்டுப் பயன்னுதான் கூப்புட்டானுவ. அதுலேருந்து தப்பிக்கத்தான் ஏரோப்ளேன் ஏறுனேன். அங்க போனா கையில சாவியக் குடுத்து, ஓட்டுன்னுட்டான். பதினோரு வருசத்துல ஒரு நாள் பின் சீட்டுல உக்காந்ததில்ல எல்சி. எட்டு வயசு அரபிப் பொடியன் பின்னால உக்காந்துகிட்டு என் சீட்ட எட்டி எட்டி உதைப்பான். ஒரு மாசம் நான் என் காருல பின்னால உக்காரணும். அவ்ளோதான் கேக்கறேன்."

"நீங்க போனப்புறம் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"அண்ணன்கிட்ட. சகாயம் ஓட்டுவான்."

"அப்ப இது உங்கண்ணன் காரு. மறுபடியும் எம் புள்ளைக்கு மூச்சு முட்டுனா நான் அவுங்க வாசல்ல போயி நிக்கணும். ஒங்களுக்குப் பின் சீட்டு வேணுங்கறதுக்காக எம் புள்ள உசுர விடணுமா?"

தட்டு ஒன்று சுவரில் மோதி விழுந்தது. எறிந்தது யார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அந்த மாதம் அப்படியேதான் போனது. ரெமிஜியஸ் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாசுமாகப் பின் சீட்டில் சாய்ந்து உட்காருவான். சகாயராஜ் ஓட்டுவான். அவன் நன்னிலத்தில் வாடகை வேன் ஓட்டிக் கற்றுக்கொண்ட வித்தை அது, பள்ளம் மேடு பார்க்க மாட்டான். பிரேக்கை அவன் தாமதமாகப் போடும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் ரெமிஜியஸின் வலது கால் தரையை மிதிக்கும். வேளாங்கண்ணிக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

அடைக்கலசாமிக்குக் கார் வந்த நாளிலிருந்தே வயிறு எரிந்தது. ஆனால் முன் சீட்டை மட்டும் யாருக்கும் விடமாட்டார். டிக்கியில் யூரியா மூட்டை ஏற்றினார். பம்புசெட் மோட்டாரை ஏற்றினார். சீட்டெல்லாம் கிரீஸ். ரெமிஜியஸ் கேட்டால், "மாசம் முடிஞ்சா நாங்கதான வச்சி மாரடிக்கணும், ஓட்டத் தெரியாதவனுக்குக் காரு எதுக்குடா?" என்பார். அவன் வாயைத் திறக்க முடியாது. ஓட்டத் தெரியாது என்று பொய் சொன்னது அவனேதான்.

பங்குனி பாதியில் உளுந்து எடுப்பு ஆரம்பித்தது. தாளடி அறுத்த வயலில் தெளித்த உளுந்து கறுத்துக் கிடந்தது. வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டிவிடும் என்பதால் பனி ஈரத்திலேயே செடியைப் பிடுங்க வேண்டும். எல்சியும் பாத்திமா மேரியும் கூலிக்கு வரும் வைரக்கண்ணுவும் விடியும்போதே வயலில் குனிந்திருப்பார்கள். மூவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் வைரக்கண்ணுதான், "ஏம்மா, வாயில உளுந்தா வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று சிரிப்பாள். பழைய சோறும் சுட்ட கருவாடும் வந்தால் ஆளுக்கொரு வரப்பில் உட்கார்ந்து தின்பார்கள்.

பிடுங்கிய செடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்புவது எங்கள் ஊர் வழக்கம். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் காய் உடைந்து உளுந்து கீழே இறங்கிவிடும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அடைக்கலசாமி ஊர் முகப்பில் ரோட்டை அடைத்து முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார். கோயில்பிள்ளைக்கு ஒவ்வொரு விளைச்சலிலும் ஒரு மரக்கால் உண்டு. அதற்காக நான் பையோடு போய் நின்றபோதுதான் அண்ணன் தம்பி சண்டை.

"சகாயம், காரக் கொண்டா. நாலு நட மேல வுட்டு எடு" என்றார் அடைக்கலசாமி.

"வேணாண்ணே. புது வண்டி" என்றான் ரெமிஜியஸ்.

"பஸ்ஸு போவுது, லாரி போவுது. ஒன் காரு போனா கௌரவம் கொறஞ்சு போயிடுமோ?"

"அதெல்லாம் ஒசரமான வண்டி. இது அடி தாழ்வு. செடி சக்கரத்துக்கு நடுவுல சுத்திக்கும். சைலன்சர் சூட்டுல பத்திக்கும்."

அடைக்கலசாமி கவைக்கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களா கோயில்பிள்ள? ஓட்டத் தெரியாதவன் ஓட்டறவனுக்குப் பாடம் எடுக்கறான். ஒனக்கு எப்படிடா தெரியும் சைலன்சர் சூடு? ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தானா?"

ரெமிஜியஸ் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. நான் பையை உதறி மடிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் வீட்டுக்குப் போய்விட்டான். கார் அன்றைக்கு நாலு நடை போனது, ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகப் போனது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை காலை பத்து மணி. உளுந்துத் தூசி ஊரெல்லாம் பறந்து ஜாஸ்லினுக்கு இழுப்பு கண்டுவிட்டது. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. பிள்ளையின் விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. எல்சி அவளைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். ரெமிஜியஸ் பக்கத்தில் ஏறினான். சகாயராஜ் வண்டியை எடுத்தான். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம்.

ஊர் முகப்பில் அடைக்கலசாமி அப்போதுதான் செடியைப் புரட்டிப் போட்டிருந்தார். நான் புளியமரத்து நிழலில் நின்றேன்.

"நிறுத்துடா. எறங்கி ஒதுக்கிட்டுப் போவலாம்" என்று ரெமிஜியஸ் பின்னாலிருந்து கத்தினான்.

"அன்னிக்கி போவல? வா வா, ஒண்ணும் ஆவாது" என்றார் அடைக்கலசாமி.

சகாயராஜ் அப்பா பேச்சைக் கேட்டான். கார் பாதித் தூரம் போய் முனகி நின்றது. அவன் மேலும் மேலும் மிதித்தான். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பிறகு கரும்புகை வந்தது. சகாயராஜ் கதவைத் திறந்து குதித்து ஓடியே போய்விட்டான். தடிப்பயல், ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

ரெமிஜியஸ் பிள்ளையையும் எல்சியையும் இழுத்து வெளியே விட்டான். அடியில் ஒரு நாக்கு நெருப்பு எட்டிப் பார்த்தது. கீழே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த செடி. வண்டி அங்கேயே நின்றால் செடியும் போகும், வண்டியும் போகும், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேறு நாதியில்லை. அவன் ஒரே பாய்ச்சலில் முன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான்.

இடப்பக்கக் கதவு.

அரபு நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். பதினோரு வருஷம் ஏறி இறங்கிய பக்கத்துக்குக் கால் தானாகப் போய்விட்டது. உட்கார்ந்தவன் வலது கை கியரைச் சரியாகப் பிடித்தது. இடது கை மட்டும் நெஞ்சுக்கு நேராக எழும்பி, இல்லாத வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணாடி வழியாக அடைக்கலசாமி பார்த்தார், பாத்திமா மேரி பார்த்தாள், நான் பார்த்தேன். ஓட்டத் தெரியாதவன் எவனும் அப்படி உட்கார மாட்டான்.

அது கண் இமைக்கிற நேரம்தான். கியரைத் தாண்டி வலப்பக்கம் சரிந்து உட்கார்ந்தான். சீட்டு முதுகில் ஒரு கையைப் போட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே, ஒரு கையால் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். சுற்றிய செடி பட்பட்டென்று அறுந்தது. நேர் கோடு போட்டதுபோல் வந்து அடிபம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினான். வைரக்கண்ணு குடத்துத் தண்ணீரைச் சக்கரத்தில் வீசினாள். நானும் மண்ணை வாரிப் போட்டேன். பிறகு அவளும் நானும் ரோட்டுச் செடியை ஓரம் தள்ளி வழி விட்டோம். அவன் மல்லாந்து படுத்துக் கருகிய செடியைப் பிடுங்கி எறிந்து, அடியெல்லாம் தடவிப் பார்த்து எழுந்தான்.

எழுந்தவன் அடுத்துச் செய்ததுதான் அவனைக் கெடுத்தது. பின் கதவைத் திறந்து, கதவைப் பிடித்தபடி விறைப்பாக, தலையை லேசாகத் தாழ்த்தி நின்றான். எல்சி பிள்ளையோடு ஏறும்வரை அப்படியே நின்றான். ஏறியதும் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, வலப்பக்கம் போய் ஏறி வண்டியை எடுத்தான்.

கார் போன பிறகு அடைக்கலசாமி மெதுவாகச் சொன்னார். "எங்கப்பன் அச்சு அசலா இப்படித்தான் நிப்பாரு."

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் புகை மருந்து வைத்து, சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டி வந்தார்கள். அண்ணனுக்கு அதில் சந்தோஷமா? அவருக்கு வேறு சந்தோஷம். வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க டிரைவர் சார்! பதினோரு வருசமா எங்க கண்ணுல மண்ணத் தூவுனியேடா. சூப்பர்வைசர் தம்பின்னு சொல்லிச் சொல்லி நான் சகாயத்துக்குப் பொண்ணு பேசுனேன். கடைசில பாத்தா அரபி பொண்டாட்டிக்குக் கதவு தொறந்து வுடற பய."

"அண்ணே, புள்ள தூங்குது" என்றான் ரெமிஜியஸ்.

"தூங்கட்டும். ஊரு முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. அப்பன் வண்டிக்காரனா இருந்தாருன்னா நெஜத்தச் சொல்லிட்டு இருந்தாரு. நீ அதுக்கும் கீழ."

மறுநாள் பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்குக்குச் சாமியார் பன்னிரண்டு பேரில் ஒருவனாக ரெமிஜியசைப் போட்டிருந்தார். பூசைக்கு மணி அடித்து முடித்தேன், ஆள் வரவில்லை. போய்க் கூப்பிட்டேன். கதவுக்கு உள்ளேயிருந்து, "என் கால வேற எவனும் பாக்க வேணாம். போங்க" என்றான். பன்னிரண்டாவது காலுக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் என் வெடித்த காலையே நீட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

சனிக்கிழமை காலையில் அடைக்கலசாமி வடக்குப் பக்கம் வந்து கையை நீட்டினார். "செவ்வாக்கிழமை கெளம்பறியாம்ல. சாவியக் குடு. சகாயம் இன்னிக்கே ஒரு சவாரி பேசியிருக்கான்."

ரெமிஜியஸ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எல்சி அடுப்படியிலிருந்து வந்தாள். பைபிளிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"சாவி என் இடுப்புல இருக்கு மாமா. இனிமே அங்கதான் இருக்கும்."

"பொம்பள காரு ஓட்டப் போறியா? யாரு சொல்லிக் குடுப்பா?"

"பதினோரு வருசம் ஓட்டுன ஆளு வூட்டுலயே இருக்காரு. தெரியாதுன்னு சொல்லித்தான இத்தன நாளு தட்டிக் கழிச்சாரு? இப்பதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே." புருஷன் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க. மூணு நாளுதான் இருக்கு."

அவன் எழுந்தான். ஆசையாக எழுந்தான் என்று நான் சொல்ல மாட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டே இரண்டு கெட்ட வார்த்தை சொன்னான்.

மூன்று நாளும் ஆற்றங்கரை அதிர்ந்தது. காரின் முன்னாலும் பின்னாலும் சிவப்புக் காகிதத்தில் எல் எழுத்து. ஈஸ்டர் பூசை முடிந்து ஜனங்கள் கேக் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். அவன் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு கத்துவது கோயில் வரைக்கும் கேட்டது. "கிளட்ச்ச மிதி! அது பிரேக்குடி! ஹிமார்! ஹிமார்!"

எல்சி வண்டியை நிறுத்தினாள். "அப்படின்னா என்ன?"

"கழுத."

"ஒங்கள அப்படித்தான் கூப்புடுவாங்களா?"

இதை எனக்குச் சொன்னது வைரக்கண்ணு. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ரெமிஜியஸ் ஆற்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயணம். நன்னிலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்சிதான் ஓட்டுவது. லைசென்ஸ் உள்ள ஆள் கூட இருக்க வேண்டும் என்பதால், திரும்பி வரும்போது சகாயராஜ் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். சித்தப்பாவின் சூட்கேசை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின் சீட்டு ஓரத்தில் இருந்தான். ஜாஸ்லின் அவன் பக்கத்தில் இருந்தாள். ரெமிஜியஸ் கூலிங் கிளாசைப் போட்டுக்கொண்டு வந்து பின் கதவைத் திறந்தான். ஊரெல்லாம் பார்க்கிறது. கடைசி நாளாவது பின்னால் உட்கார்ந்து போகலாம் என்று நினைத்தானோ என்னவோ.

"அங்க உக்காந்தா நான் ஒங்களுக்கு யாரு?" என்றாள் எல்சி, திரும்பாமலே. "நான் யாருக்கும் டிரைவர் இல்ல. முன்னாடி வாங்க."

எனக்கே சுருக்கென்றது. அவன் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைச் சாத்திவிட்டு இடப்பக்கம் வந்து முன்னால் உட்கார்ந்தான். கூலிங் கிளாசைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான்.

வண்டி இரண்டு தடவை உதறி நின்று, மூன்றாவது தடவை கிளம்பியது. நான் பையோடு பின்னாலேயே போனேன், என் மரக்கால் இன்னும் வரவில்லை. ஊர் முகப்பில் அடைக்கலசாமி மேலவயல் உளுந்தைக் கொண்டுவந்து வேண்டுமென்றே ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தார். கவைக்கம்போடு நடுவில் நின்றார். எல்சி காரை நிறுத்தி ஆரன் அடித்தாள். அவர் நகரவில்லை. அவள் மறுபடியும் அடித்தாள்.

"பஸ்ஸு போவுது, லாரி போவுது" என்றார் அடைக்கலசாமி. "ஏறிப் போ. யாரு வேணாங்கறா?"

ரெமிஜியஸ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"ஒதுக்குங்கண்ணே. கீழ சுத்திக்கும்."

"யார்றா சொல்றது?"

"டிரைவர் சொல்றேன்" என்றான் ரெமிஜியஸ். "ஒதுக்குங்க."

சத்தமாகத்தான் சொன்னான். பம்படியில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடைக்கலசாமி என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. பிறகு அவர் கவைக்கம்பைத் தாழ்த்தி, ஒரு கார் போகிற அகலத்துக்குச் செடியை வாரி ஓரத்தில் தள்ள ஆரம்பித்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. கால் மணி நேரம் ஆயிற்று. எல்சி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள்.

அந்த வருஷம் எனக்கு உளுந்து ஒரு மரக்கால் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.